மலைபடு குரலும் வலைபடு குரலும்

பத்துப்பாட்டுள் இறுதியாக நிற்பது மலைபடுகடாம். 583 அடிகளால் ஆகிய இப்பாட்டை, செங்கண்மாவிலிருந்து ஆண்ட நன்னன் சேய் நன்னன் மீது பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். செங்கண்மா என்பது இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறந்து செங்கத்தைத் தொட்டு ஓடும் செய்யாறு. நவிரமலை எனப் புலவர் சுட்டுவது பர்வதமலையே என்பது அறிஞர் பலர் துணிபு. ஆகவே இந்நூலைக் கையில் ஏந்திக்கொண்டு செங்கத்திலிருந்து ஜவ்வாது மலைச் சரிவை நோக்கி நடப்பவர், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு வழிகாட்டியோடு நடக்கிறார் என்று சொல்லலாம். சாலைகள் மாறியிருக்கின்றன, ஆற்றில் நீர் குறைந்திருக்கிறது, ஆனால் மலை மாறவில்லை.

பாட்டின் நடுவே, மலையில் எழும் ஒலிகளைப் புலவர் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார். முள்ளம்பன்றியின் முள் தைத்த கானவரின் அழுகை; புலி பாய்ந்து கணவன் மார்பில் உண்டான புண் ஆறும்பொருட்டுக் கொடிச்சியர் பாடும் பாட்டு; ஆழ்ந்த விடரில் விழுந்துவிட்ட குட்டியை நினைந்து மந்தி இடும் பூசல்; தேனடை எடுத்த குறவரின் ஆரவாரம்; கிளி கடியும் மகளிரின் குரல்; கரும்பாலையின் ஓசை; உலக்கைப் பாட்டு. மலையை யானையாகவும் அதில் எழும் ஓசையை அதன் மதமாகவும் கண்டமையால்தான் பாட்டுக்கே மலைபடுகடாம் என்ற பெயர் வந்தது. கல்லூரி வகுப்புகளில் இப்பகுதி இயற்கை வருணனைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவதுண்டு. அது தவறன்று, ஆனால் போதாது.

நமக்குத் தோன்றுவது இது. இவ்வொலிகளுள் ஒன்றேனும் உரியவர் இல்லாத ஒலி அன்று. அழுகைக்குப் பின்னே முள் தைத்த உடல் ஒன்று இருக்கிறது. பாட்டுக்குப் பின்னே புண்பட்ட கணவனும் அவன் அருகில் விழித்திருக்கும் மனைவியும் இருக்கிறார்கள். மந்திக்குக்கூட அழுவதற்கு ஒரு காரணம் தரப்பட்டிருக்கிறது. புலவர் 'மலையில் பேரொலி எழுந்தது' என்று ஓரடியில் முடித்திருக்கலாம். அவ்வாறு செய்யாது, ஒலிதோறும் அதற்குரிய தொண்டையைத் தேடிச் சென்று காட்டுகிறார். கூட்டொலி என்பது தனித்தனிக் குரல்களால் ஆவது என்ற நேர்மை அவரிடம் இருந்தது.

இதை இப்போது எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இன்று நம் கைப்பேசிகளில் இரவும் பகலும் கேட்கும் கூட்டொலி ஒன்று இருக்கிறது. ஒரு செய்தியின் கீழே பத்தாயிரம் விருப்பக் குறிகள். ஒரு தலைவருக்குப் பின்னே பல லட்சம் பின்தொடர்வோர். ஒரு பொருளைப் புகழ்ந்து ஐந்நூறு பேர் எழுதிய குறிப்புகள். எண்ணிக்கையைப் பார்த்தவுடன் 'இத்தனை பேர் சொல்கிறார்களே' என்று மனம் தளர்ந்து இணங்குகிறது. அந்த இணக்கத்தைத்தான் சிலர் விலைக்கு விற்கிறார்கள்.

போலிக் கணக்குகளின் வலைப்பின்னல் எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சுருங்கச் சொல்வோம். ஓர் ஆள், அல்லது ஒரு சிறு குழு, ஆயிரக்கணக்கான பெயர்களில் கணக்குகளைத் திறக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகப்படம், ஓர் ஊர், ஒரு பிறந்த நாள். 'பாட்' எனப்படும் கணினி நிரல் அவற்றை இயக்குகிறது. சில இடங்களில் நூற்றுக்கணக்கான கைப்பேசிகளை அலமாரிகளில் வரிசையாக அடுக்கி, கட்டுக்கட்டாகச் சிம் அட்டைகளை மாற்றி மாற்றி இட்டு இயக்குவதும் உண்டு. கட்டளை ஒன்று பிறந்தவுடன் அத்தனை கணக்குகளும் ஒரே பதிவை விரும்பும், ஒரே சொற்றொடரை எழுதும், ஒருவரையே வையும். நிறுவனங்களின் கணினிகள் எதை அதிகம் பேர் விரும்புகிறார்களோ அதையே மேலும் பலருக்குக் காட்டும் இயல்புடையவை. ஆகவே பொய்யாகத் தொடங்கிய கூட்டம், சில மணி நேரத்தில் மெய்யான கூட்டத்தை இழுத்துக்கொள்கிறது. தொடக்கத்தில் கைதட்டியவர் எவரும் இல்லை என்பதைப் பின்னர் கைதட்டியவர்கள் அறிவதில்லை.

அளவு என்ன என்று கேட்கலாம். 2019ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மட்டும் ஃபேஸ்புக் நிறுவனம் ஏறத்தாழ 220 கோடிப் போலிக் கணக்குகளை நீக்கியதாக அறிவித்தது. அப்போது மாதந்தோறும் அதைப் பயன்படுத்தியோர் தொகை ஏறத்தாழ 238 கோடி. நீக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை திறந்த சில நிமிடங்களிலேயே பிடிபட்டவை என்பது உண்மை. ஆனால் பிடிபடாது எஞ்சியவை பயன்படுத்துவோரில் நூற்றுக்கு ஐந்து அளவில் இருக்கும் என்று அந்நிறுவனமே மதிப்பிட்டது. விலையோ மிக மலிவு. நேட்டோ அமைப்பைச் சார்ந்த ஆய்வு மையம் ஒன்று 2019இல் சோதித்துப் பார்த்தது. 300 யூரோ கொடுத்து விருப்பக் குறி, கருத்து, பார்வை, பின்தொடர்வோர் எனச் சேர்த்து 54,000க்கும் மேல் வாங்க முடிந்தது. நான்கு வாரங்கள் கழித்தும் அவற்றுள் ஐந்தில் நான்கு பங்கு அப்படியே நீடித்தது. ஒரு சிற்றூர்த் திருவிழாவின் ஒலிபெருக்கிச் செலவு கூட இதைவிட மிகுதியாக இருக்கும்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. அமெரிக்காவில் டெவ்யூமி என்ற நிறுவனம் பின்தொடர்வோரை விற்றுவந்ததை 2018 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளிப்படுத்தியது. அதன் இருப்பில் குறைந்தது 35 லட்சம் தானியங்கிக் கணக்குகள் இருந்தன என்றும், அவற்றுள் 55,000 கணக்குகளேனும் உயிரோடிருக்கும் மனிதரின் பெயர், படம், சொந்த ஊர் ஆகியவற்றைத் திருடி, ஓர் எழுத்தை மட்டும் மாற்றி அமைக்கப்பட்டவை என்றும் அவ்விதழ் கண்டது. பள்ளிப் பிள்ளைகளின் முகங்களும் அவற்றுள் இருந்தன. ஒரு சிறுமியின் முகம், அவள் அறியாத மொழியில், அவள் நாணத்தக்க பொருளுக்கு விளம்பரம் செய்துகொண்டிருந்தது. பொய் சொல்வது ஒரு குற்றம். பிறர் வாயில் பொய்யை வைப்பது வேறொரு குற்றம். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது போதாது என்றே நினைக்கிறோம்.

அரசியலில் இது எவ்வளவு தூரம் சென்றது என்பதைச் சோஃபி சாங் என்ற பெண்மணி சொன்னார். ஃபேஸ்புக்கில் தரவு ஆய்வாளராகப் பணியாற்றி 2020 செப்டம்பரில் வெளியேற்றப்பட்டவர் அவர். மத்திய அமெரிக்க நாடுகளுள் ஒன்றான ஹோண்டுராஸில், ஜனாதிபதியின் பக்கத்தை நிர்வகித்தவரே நூற்றுக்கணக்கான போலிப் பக்கங்களுக்கு மனிதப் பெயரும் முகமும் சூட்டி, அவற்றைக் கொண்டு தம் தலைவரைப் பாராட்டிக்கொண்டிருந்ததை அவர் 2018இல் கண்டார். அவை நீக்கப்பட 2019 ஜூலை வரை, ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. இந்தியாவிலும் 2019 இறுதியில், எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்தோருக்குத் துணைபோன வலைப்பின்னல்களைக் கண்டதாக அவர் 2021இல் வெளிப்படையாகக் கூறினார். அவற்றுள் ஒன்று நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் கணக்கோடு நேரே தொடர்புடையது எனத் தெரிந்தபின் நீக்கும் வேலை நின்றுபோனது என்பதும் அவர் கூற்று. நம் வாசகர்கள் தாம் சார்ந்த கட்சியை விலக்கி மற்றக் கட்சியை மட்டும் குறை கூற இதில் இடமில்லை.

மீண்டும் மலைபடுகடாத்துக்கு வருவோம். அது ஆற்றுப்படை நூல். கூத்தராற்றுப்படை என்ற பெயரும் அதற்கு உண்டு. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், வறுமையோடு எதிரே வரும் கூத்தனைக் கண்டு, 'நான் சென்று வந்தேன். நீயும் செல்' என்று வழி சொல்வது அதன் அமைப்பு. இன்றைய சொல்லில் கூறினால் அது ஒரு பரிந்துரை. ஆனால் எப்படிப்பட்ட பரிந்துரை! வள்ளலின் புகழை மட்டும் சொல்லி அவன் நிறுத்தவில்லை. தினைப்புனத்தைப் பன்றி அழிக்காதபடி வழிதோறும் கற்பொறி மாட்டியிருப்பார்கள், ஆதலால் இருளில் போகாதே, பொழுது புலர்ந்த பின் போ என்கிறான். குழிகளில் பாம்பு ஒடுங்கியிருக்கும் என்கிறான். யானையை விரட்டப் பரண்மேல் இருந்து எறியும் கவண்கல் உன்மேல் படக்கூடும், மரத்தின் மறைவில் செல் என்கிறான். பாசி படிந்த வழுக்குப் பாறையில் சிறுமூங்கிலைப் பற்றிக்கொண்டு செல்லச் சொல்கிறான். நல்லது ஒன்றைப் பரிந்துரைப்பவன் அதிலுள்ள இடர்களையும் சேர்த்தே சொல்வதால்தான், அவன் உண்மையில் அங்கே சென்று வந்தவன் என்பதை நாம் நம்புகிறோம். அவனுடைய காலில் இன்னும் அந்தப் பாறையின் பாசி ஒட்டியிருக்கிறது.

இன்னும் ஓர் அரிய செய்தி. வழி பலவாகப் பிரியும் சந்தியில், பின்னால் வருவோர் வழி தவறாதபடி, அந்த இடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லுங்கள் என்று அவன் புதியவர்களைக் கேட்டுக்கொள்கிறான். வழி கேட்டவன் அடுத்தவனுக்கு வழி சொல்பவன் ஆகிறான். அந்தப் புல்முடிச்சில் பெயர் இல்லை. ஆயினும் அது பொய்யன்று. அவ்விடத்தில் ஒருவர் நின்றார் என்பதற்கு அதுவே சான்று.

இங்கே ஒரு தடை எழலாம். பாணரும் கூத்தரும் பரிசிலுக்காகப் பாடியவர்கள்தாமே, அவர்களும் காசுக்குப் புகழ்ந்தவர்கள்தாமே, டெவ்யூமி விற்ற பின்தொடர்வோருக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்பவர் இருக்கக்கூடும். கேள்வி நியாயமானதே, சங்கப் பாட்டுகளில் மிகைப்புகழ் இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் அப்புலவன் தன் பெயரோடு, தன் முகத்தோடு, அவையில் நின்று பாடினான். பொய்த்தால் மறுமுறை அவன் சொல்லைக் கேட்பாரில்லை. அன்றியும், ஜவ்வாது மலைக்குத் தென்மேற்கே தகடூரை ஆண்ட அதியமான், தன்னைக் காணாமலேயே பொருளை அனுப்பியபோது பெருஞ்சித்திரனார் அதைப் பெற மறுத்தார் என்பதைப் புறநானூற்றின் 208ஆம் பாட்டு காட்டுகிறது. தம்மை நேரில் கண்டு, தம் தகுதியை அளந்து தராத பொருளைக் கொள்வது வணிகம் என்று அவர் கருதினார். காணாதவர் காணாதவரைப் புகழ்ந்து காசு பெறும் இற்றை நாள் சந்தையில் அவர் என்ன சொல்லியிருப்பார்!

புனைபெயரையும் இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. தமிழ் எழுத்துலகம் புனைபெயர்களால் நிறைந்தது. 1726இல் தேம்பாவணியைத் தந்த இத்தாலியக் குருவை நாம் வீரமாமுனிவர் என்றே அறிவோம். அப்பெயர் எவரையும் ஏமாற்றவில்லை. அநீதியை அம்பலப்படுத்துவோர் அஞ்சித் தம் பெயரை மறைப்பதும் உண்டு. அங்கெல்லாம் ஒரு முகத்துக்கு ஒரு திரை. ஒரே ஆள் ஆயிரம் முகமூடி அணிந்து தன்னையே ஊர் என்று காட்டிக்கொள்வதுதான் நாம் பேசும் குற்றம்.

எட்டாம் கட்டளை விலக்குவது பொய்ச்சான்றை. இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் வேண்டும் என்ற பழைய ஏற்பாட்டுச் சட்டமும், பொய்ச்சாட்சியை எண்ணியே எழுந்த காவல். அக்காவலை எண்ணிக்கையாலேயே உடைத்துவிட முடியும் என்பதைத் தானியேல் நூலில் வரும் சூசன்னாவின் வரலாறு காட்டுகிறது. முதியோர் இருவர் கூடிப் பேசி ஒரே கதையைச் சொன்னார்கள், மக்கள் நம்பினார்கள். தானியேல் அவர்களைத் தனித்தனியே பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் என்று கேட்டபோது இரண்டு மரங்களின் பெயர்கள் வந்தன. இயேசுவுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொன்னவர்களின் சான்றுகள் ஒன்றோடொன்று ஒவ்வவில்லை என மாற்கு எழுதுகிறார். பொய் முரண்பட்டுப் பிடிபட்ட காலம் அது. இன்றைய வலைப்பின்னல் முரண்படுவதில்லை. ஆயிரம் பேரும் ஒரே மரத்தின் பெயரைச் சொல்வார்கள். எழுத்துப் பிழைகூட ஒன்றாகவே இருக்கும். ஆகவே தானியேலின் முறையை இன்று தலைகீழாக்கிக் கையாள வேண்டியிருக்கிறது. அளவுக்கு மீறிய ஒற்றுமையே ஐயத்துக்குரிய குறி. நற்செய்தி நூல்கள் நான்கும் சிற்சில செய்திகளில் வேறுபடுவதைக் கண்டு இளமையில் கலங்கியவர் நம்மிடையே உண்டு. அவ்வேறுபாடு நமக்கு இப்போது ஆறுதலாக இருக்கிறது.

மெய்யான ஒற்றுமை எப்படி இருக்கும் என்பதற்கு ஜவ்வாது மலையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. காவலூரில் உள்ள வானாய்வகத்தில் 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கும் காட்சியை ஒரு மீட்டர் தொலைநோக்கியால் நோக்கினார்கள். எதிர்பாராத நேரத்தில் விண்மீனின் ஒளி மங்கி மீண்டது. புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கிட்டிருக்கலாம் என்றே முதலில் எண்ணினர். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த விமானம் ஒன்றிலிருந்து அமெரிக்க அறிஞரும், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து வேறு சிலரும் நோக்கியிருந்தனர். அப்பதிவுகளை ஒப்பிட்டபோதுதான் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது உறுதியாயிற்று. வெவ்வேறு இடம், வெவ்வேறு கருவி, முதலில் வெவ்வேறு விளக்கம். ஒருவரை ஒருவர் கேட்டுப் பேசி வைத்துக்கொள்ளாத கண்கள். இப்படி வந்து சேரும் ஒற்றுமைக்கு மதிப்பு உண்டு.

தமிழ்நாட்டில் 2023 மார்ச் மாதத்தில் நேர்ந்ததை நினைவுகூர வேண்டும். பீகார் தொழிலாளரை இங்கே தாக்கிக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் பரவின. வேறெங்கோ, வேறு காரணத்தால் நடந்தவற்றின் படங்கள் அவை எனத் தமிழ்நாடு காவல்துறை விளக்கிற்று, வழக்குகளும் பதிவாயின. பீகாரும் ஜார்க்கண்டும் தம் அலுவலர்களை அனுப்பி நேரில் விசாரித்தன. அந்நாள்களில் ரயில் ஏறிய தொழிலாளருள் ஹோலிக்காகச் சென்றவரும் உண்டு, அஞ்சிச் சென்றவரும் உண்டு. அஞ்சியவர் ஒருவரிடம், 'அப்படி எதுவும் நடக்கவில்லை' என்று பக்கத்து அறைக்காரர் ஒருவர் சொன்னால் எடுபடுமா? கைப்பேசியில் பல்லாயிரம் பேர் வேறு சொல்கிறார்களே! ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடி மக்களும் கூலி தேடிப் பிற ஊர்களுக்கும் மாநிலங்களுக்கும் செல்பவர்கள். அயல்மொழி வழங்கும் ஊரில் ஒரு வதந்தி என்ன செய்யும் என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இறந்தோரையும் இவ்வணிகம் விட்டுவைக்கவில்லை. ஐரோப்பிய ஆய்வுக் குழு ஒன்று 2020 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, இந்திய நலனை முன்னிறுத்துவதாகச் சொல்லிக்கொண்டு 15 ஆண்டுகள் இயங்கிய போலி இதழ்கள், போலி அமைப்புகள் அடங்கிய பெரும் வலைப்பின்னலை விவரித்தது. 2006இல் மறைந்த லூயிஸ் சோன் என்ற சட்டப் பேராசிரியர், 2007இல் ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைக் கூட்டத்தில் கலந்துகொண்டவராக அதில் பெயர் சேர்க்கப்பட்டிருந்தார். நாட்டுப்பற்று இதற்குச் சமாதானம் ஆகாது.

இறந்தோரின் பெயரை நம் முன்னோர் எவ்வாறு போற்றினர் என்பதற்குச் செங்கம் வட்டாரத்து நடுகற்களே போதும். மறவர்களின் பெயரோடு நட்ட கற்கள் வழியில் மிகப் பல என்று மலைபடுகடாத்துக் கூத்தனே சொல்கிறான். பிற்காலக் கற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களின் தொடக்கத்தில் தொகுத்து நூலாக வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல் புகழ்பெற்றது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், எருமைகளைக் காத்து உயிர்விட்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நாய்க்கும் அதன் செயலுக்கு உரிய பெயர் மறுக்கப்படவில்லை. ஆண்டு, அரசன், ஆள், செயல் என நான்கையும் அக்கல் சொல்கிறது.

பிறரைக் குறை கூறிய பின் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் எசூர் வேதம் என்றொரு நூல் பிரெஞ்சு மொழியில் உருவாயிற்று. வேதத்தின் பெயரைத் தாங்கி, இந்திய முனிவர் உரையாடுவதுபோல் அமைந்து, சிலை வணக்கத்தை மறுத்து ஓரிறைக் கொள்கைக்கு வழியமைத்தது அது. 1760இல் அதன் படி வோல்தேர் கைக்குச் சென்றது, 1778இல் அச்சாயிற்று. அது வேதம் அன்று என்று 1782இல் சொன்னேரா எழுதினார். திருக்குறளுக்கு உரை கண்ட நம் எல்லீசர், புதுச்சேரியில் அதன் கையெழுத்துப் படிகளைக் கண்டு எழுதிய ஆய்வு, அவர் மறைவுக்குப் பின் 1822இல் வெளிவந்தது. அதை எழுதியவர் இந்தியாவில் இருந்த இயேசு சபைக் குருக்களின் வட்டத்தினர் என்பதே பின்வந்த அறிஞர் முடிபு. நோபிலி அடிகளார் தலையில் அதனைச் சுமத்தியதை அவர்கள் ஏற்கவில்லை. நல்ல நோக்கத்தோடு செய்திருக்கலாம். எனினும் இன்னொருவர் வாயில் வைத்த சொல் அது. அதைப் பழமைமிக்க வேதமென நம்பிய வோல்தேர், விவிலியத்தின் முதன்மையைத் தாக்கும் கருவியாகவே அதனைப் பயன்படுத்தினார் என்பது வரலாற்றின் நகைப்பு.

அது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்கக் கிறித்தவர்களுக்கென ஃபேஸ்புக்கில் இயங்கிய முதன்மையான பக்கங்களுள் மிகப் பல, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பணத்துக்காக நடத்தப்பட்டவை என அந்நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு உள்ளறிக்கை கண்டது. அது 2021இல் வெளியாயிற்று. 2024இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களை ஆராய்ந்து எழுதினர். செயற்கை நுண்ணறிவால் வரைந்த விந்தைப் படங்களை அப்பக்கங்கள் இடைவிடாது வெளியிட்டன. இறால்களால் ஆன இயேசுவின் உருவம்கூட அவற்றுள் ஒன்று! அப்படங்களின் கீழே வரிசை வரிசையாக 'ஆமென்'. அவற்றுள் எது மனிதர் இட்டது, எது தானியங்கி இட்டது என்று பிரித்தறிவது எளிதன்று. கூட்டம் சேர்ந்தபின் அதற்கு எதையேனும் விற்கலாம், அல்லது அதை ஏமாற்றலாம். நம் பங்குகளின் வாட்ஸ்அப் குழுக்களிலும் இத்தகைய படங்கள் காலை வணக்கத்தோடு வருகின்றன. திருத்தந்தை லியோ 2025 மே மாதம் தேர்வாகிய சில வாரங்களுக்குள், புர்க்கினா ஃபாசோவின் ஆட்சியாளரை அவர் புகழ்ந்து பேசுவதாக ஒரு பொய்க் காணொளி உலகெங்கும் சுற்றியது. வத்திக்கான் அதை மறுக்க வேண்டியதாயிற்று. 2026ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கு மனிதக் குரல்களையும் முகங்களையும் காத்தல் என்பதை அவர் கருப்பொருளாகத் தேர்ந்தது வியப்பன்று. 'ஆமென்' என்பது நாம் உணர்ந்து இடும் கையொப்பம். கண்ட படத்துக்கெல்லாம் அதை இடுபவர், தம்மையும் தானியங்கிகளின் வரிசையில் நிறுத்திக்கொள்கிறார்.

இதுவரை, போலிக் குரலுக்குப் பின்னே தொண்டை இல்லை என்ற தோரணையில் பேசி வந்தோம். அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். பல வேளைகளில் அங்கே ஒரு தொண்டை இருக்கிறது. அது சிறைப்பட்ட தொண்டை. தாய்லாந்தில் கணினி வேலை என்று முகவர் சொன்னதை நம்பிச் சென்ற தமிழ் இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவடியில் அடைக்கப்பட்டார்கள். அழகிய பெண்ணின் படத்தோடும் பொய்ப்பெயரோடும் கணக்குகளைத் திறந்து, அயல்நாட்டாரிடம் நட்புப் பேசிப் பணம் பறிப்பதே அங்கே அவர்களுக்கு இட்ட வேலை. மறுத்தவர்களுக்கு அடியும் மின்சாரச் சூடும். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இவ்வாறு வற்புறுத்தப்பட்டு வேலை செய்வதாக ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. நமக்கு இரவில் வரும் அந்த இனிய செய்தியை அனுப்பியவர், நாம் சினந்து திட்டும் அந்த ஏமாற்றுக்காரர், மூன்று நாளாக உணவில்லாத ஒரு பட்டதாரியாக இருக்கலாம். பெயர் திருடப்பட்டவரும் அங்கே உண்டு. பிறர் பெயரைச் சுமக்கும்படி தன் பெயர் பறிக்கப்பட்டவரும் அங்கே உண்டு. மலைபடுகடாத்துப் புலவர் அங்கே சென்றிருந்தால், முள் தைத்த கானவரின் அழுகைக்கு அடுத்து இந்த அழுகையையும் பட்டியலில் சேர்த்திருப்பார்.

2022 அக்டோபர் 5ஆம் நாள், மியாவடியிலிருந்து மீட்கப்பட்ட தமிழர் 13 பேர் சென்னை வந்து சேர்ந்தனர். மீண்டு வந்தவர்கள் தாம் பட்டதைச் செய்தியாளரிடம் தம் வாயாலேயே கூறினர்: எந்த வேலை என்று சொன்னார்கள், எந்த வழியாகக் கொண்டுபோனார்கள், எந்த இடத்தில் திரும்ப முடியாமற் போயிற்று என்று. போனவன் திரும்பி வந்து, போக இருப்பவனுக்கு வழியின் கற்பொறியைக் காட்டுகிறான். செங்கத்திலும் ஆலங்காயத்திலும் பேருந்து நிறுத்தங்களில், வெளிநாட்டு வேலை என்று அச்சிட்ட தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் அந்தக் குரலைக் கேட்டார்களா என்பதே நம் கவலை.